15 வயது தாண்டிய பேலியோ 1.6: தகுதிச் சோதனைக்கு (எஃப்.சி.) நிற்குமா?

1596 சி.சி., 16 வால்வு, 100 குதிரைத்திறன். ஃபியட் பேலியோ 1.6-இன் ஸ்டீயரிங் பிடிமானம் இன்றும் அபாரம். ஆனால் 15 வருஷம் முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, வேலூர் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டினால்தான் ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் 5 வருஷம் நீளும்.

சோதனையில் மாட்டுவது பெரும்பாலும் முன்பக்கம். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் ரப்பர் சீக்கிரம் வெடிக்கும். சக்கரத்தைத் தாங்கும் கையிலுள்ள ரப்பர் (லோயர் ஆர்ம் புஷ்), சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க் ராடு, சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ரப்பர் உறை (டிரைவ் ஷாஃப்ட் பூட்) மூன்றையும் பாருங்கள். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் திரும்ப உதவும் குண்டு மூட்டின் (பால் ஜாயின்ட்) தேய்மானம் கையிலேயே தெரியும். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண் செலவு. இரண்டையும் மாற்றி சக்கரங்களின் நேர்கோட்டை (அலைன்மென்ட்) பார்க்க வேண்டும்.

அடுத்தது புகை. பி.எஸ்.2 (பாரத் ஸ்டேஜ் 2 மாசு விதி) பெட்ரோல் வண்டிக்கு சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) 0.5 சதவீதம், எச்.சி. (எரியாத ஹைட்ரோகார்பன்) 750 பி.பி.எம். எல்லை. ஆக்ஸிஜன் சென்சார் செத்திருந்தால் கலவையில் பெட்ரோல் கூடி, சி.ஓ. ஏறும். குளிர்ந்த இன்ஜினோடு போகாதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் சூடானால்தான் வேலை செய்யும். இருபது நிமிஷம் ஓட்டிவிட்டுப் போங்கள்.

டயர் பள்ளம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஹேண்ட்பிரேக் கேபிள், ஹெட்லைட், ஹாரன் சரியா பாருங்கள். சேஸிஸ் எண் துருவில் மறைந்திருந்தால் முன்பே சுத்தம் செய்யுங்கள்.

வால்வுகளை இன்ஜினோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட்டைச் சோதனையில் யாரும் பார்ப்பதில்லை. அறுந்தால் வால்வு வளையும், இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். பழைய வண்டி வாங்குபவர்கள் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.