கம்பி கட்டி எனாமலா, குழி வெட்டி எனாமலா?

எனாமல் நகைன்னா ஏதோ பெயின்ட் அடிச்சதுன்னுதான் நிறைய பேரு நினைக்கிறாங்க, அப்படி இல்லைங்க, கலர் கண்ணாடிய பொடியா அரைச்சு உலோகத்து மேல வச்சு 750-லருந்து 850 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி உருக்கி ஒட்ட வைக்கிற வேலை அது. இதுல ரெண்டு பெரிய வழி இருக்கு, க்ளாய்ஸனே, ஷாம்ப்ளவே. பேரு வாயில நுழையலன்னா கம்பி வேலை, குழி வேலைன்னு வச்சுக்கோங்க.

கம்பி வேலைல தட்டையான மெல்லிசுக் கம்பிய நட்டுக்குத்தா நிக்க வச்சு சின்னச் சின்ன அறையா கட்டுவாங்க. தண்ணில குழைச்ச பொடிய பிரஷ் நுனில எடுத்து மூலை முடுக்கெல்லாம் தள்ளிட்டு டிஷ்யூ பேப்பர் ஓரத்தால ஈரத்த உறிஞ்சணும், கொஞ்சம் ஈரம் தங்கினாலும் சூளைக்குள்ள போனதும் ஆவியாகி பொடியெல்லாம் தெறிச்சிடும். உருகினதும் பொடி அமுங்கிடும், மறுபடி ரொப்பி மறுபடி சுட்டு, கடைசில தேய்ச்சு சமமாக்கினா கம்பி ஒவ்வொண்ணும் கோடு கோடா மினுங்கும் பாருங்க, பைசாந்தியம்னு சொல்ற பழைய கிழக்கு ரோமப் பேரரசோட கலைஞர்கள் இதுல போய் தொட்ட உயரம் வேற லெவல், வெனிஸ் செயின்ட் மார்க் தேவாலயத்து தங்கப் பலிபீடத் தட்டியே சாட்சி.

குழி வேலைல கம்பியே கிடையாது, உலோகத்தையே செதுக்கி பள்ளம் எடுத்து அதுல பொடிய நிரப்புறது. 12, 13-ம் நூற்றாண்டுல பிரான்ஸோட லிமோஜ் ஊர் செம்புல இத பண்ணித்தான் பேர் வாங்குச்சு. மீனாகாரின்னு சொல்ற ஜெய்ப்பூர் எனாமல் வேலையும் இந்த வழிதான், தங்கத்துல.

தினமும் போடற மோதிரம்னா நான் குழி வேலை பக்கம்தான், சுவரு உலோகத்தோட ஒரே துண்டு, அதனால பிரிஞ்சு வர்ற பேச்சே இல்ல, பள்ளத்துக்குள்ள கண்ணாடியும் பத்திரமா இருக்கும். ஆனா முடி மாதிரி நெளியற கோடு, பக்கத்து பக்கத்துல பத்து கலர் வேணும்னா கம்பி வேலைதான், டாலருக்கும் கம்மலுக்கும் அது போதும்.

வாங்குறப்போ பின்பக்கத்த திருப்பிப் பாருங்க. மெல்லிசுத் தகட்டுல பண்ற கம்பி வேலைக்கு பின்னாடியும் ஒரு பூச்சு எனாமல் வேணும், ஏன்னா ஆறும்போது உலோகம் கண்ணாடிய விட அதிகமா சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் பூசினா தகடு வளைஞ்சு எனாமல் விரிசல் விட்டுடும். தங்க ரேக்க அமுக்கி கல் பதிக்கிற குந்தன் நகைல கதையே வேற, முன்னாடி கல்லு, பின்னாடி முழுக்க மீனா, அதாவது எனாமல், போட்டுக்கிட்டவங்க தோலத் தொட்டுக்கிட்டு இருக்கிற பக்கத்துலதான் அத்தனை சிவப்பும் பச்சையும்.