எஸ்டீமுக்கு கேமா, ஃப்ளைவீலா?

கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்க வேண்டிய நாள் வந்தபோது இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. என்னுடையது 2001 மாருதி எஸ்டீம் கார்: 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரைத்திறன். கையிலிருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றுவதா, கியர்பாக்ஸை இறக்கினால் கைக்கெட்டும், இன்ஜினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பதா? ஃப்ளைவீலைத்தான் கடைந்தேன்.

சக்தி மட்டும் போதும் என்பவருக்குக் கேம்தான் சரி. வால்வு உயரமாகவும் நெடுநேரமும் திறந்தால் நிமிடத்துக்கு 5000 சுற்றுக்கு மேல் இன்ஜின் தாராளமாக மூச்சு விடும். எடை குறைந்த ஃப்ளைவீல் ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. இன்ஜின் தன்னையே சுழற்றிக்கொள்ளச் செலவிடும் உழைப்பை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் அந்த மிச்சம் சிறிதல்ல. விளிம்புப் பக்கம், மையத்திலிருந்து சுமார் 11 செ.மீ. தள்ளி, இரண்டரை கிலோவைக் கடைந்தெடுத்தேன். முதல் கியரின் மொத்த விகிதம் 13, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் 13 முறை சுற்றும், என்று வைத்துக் கணக்கிட்டால், வண்டியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோவை இறக்கியதற்குச் சமம். ஐந்தாம் கியரில் அதுவே மூன்றரைக் கிலோவுக்கு வந்துவிடும். நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டுபவர் வித்தியாசத்தை உணரவே மாட்டார்.

என்னைக் கேமிலிருந்து விலக்கியது பராமரிப்பு. பழைய கேமையே மறுபடி தீட்டினால் அதன் அடிவட்டம் (வால்வைத் தள்ளாத வட்டப் பகுதி) சிறுத்துவிடும். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் கைகளின் திருகுகளை இன்னும் கீழே இறக்கித்தான் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கெட்டியான மேல்தோலும் மெலியும். அதன்மேல் விறைப்பான ஸ்பிரிங் போட்டால் தேய்மானம் கூடும், வால்வு இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டிவரும். உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீள்வதால், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும். புகைச் சான்றிதழுக்காக அளப்பதும் அதே நிலையில்தான். உள்ளிழு குழாயில் வெற்றிடம் குறையும். பிரேக்குக்குத் துணைநிற்பது அந்த வெற்றிடம். பெட்ரோல் அளவையும் புதிதாகச் சீரமைக்க வேண்டும். ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய பணம் நான்கு வேலைகளைத் தேடிப்போகும்.

கேம் மாற்றிய நண்பரின் வண்டியை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஒரு காலைப்பொழுது மட்டும் ஓட்டியிருக்கிறேன். நேர்பாதையில் அது சீறிய விதம் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. கோவை நெரிசலில் தினமும் ஓட்டிப் பார்க்காமல் அதைப் பற்றி இதற்குமேல் சொல்வது நியாயமாகாது.

ஃப்ளைவீலைக் கடையக் கொடுப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: கிளட்ச் உட்காரும் முகத்தைத் தொடாமல், பின்பக்க விளிம்பில் மட்டும் எடுக்கச் சொல்லி, பிறகு சுழலும்போது அதிராதபடி கட்டாயம் பேலன்ஸ் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பை அளவுமீறி மெலியவிட்டால் அதிவேகத்தில் வெடித்துச் சிதறும், உயிருக்கே ஆபத்து.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது, இன்ஜின் கால் அசைவுக்கே எழுகிறது. குடும்பத்தோடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக ஆக்சிலரேட்டரை மிதித்து, கிளட்சை மெதுவாக விட வேண்டியிருக்கிறது.