அம்பாசடருக்கு ஐந்து கியர்: அடாப்டர் தட்டா, எஞ்சினோடு மாற்றமா?

பழைய 1489 சிசி அம்பாசடரில் ஸ்டீயரிங் ஓரமாகவே நாலு கியர். தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் 80-ஐத் தொட்டால் எஞ்சின் கத்தும். இன்னொரு கியருக்கு மனசு ஏங்கும். வழி இரண்டு.

ஒன்று, அதே எஞ்சினில் வேறு வண்டியின் ஐந்து கியர் பெட்டியை அடாப்டர் தட்டு (இரண்டையும் இணைக்க நடுவே வைக்கும் தட்டு) வைத்துப் பொருத்துவது. தட்டை லேத்தில் கடைந்துவிடலாம். மையம் பிடிப்பதுதான், அதாவது எஞ்சின் கிராங்க்கும் கியர் பெட்டி ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் வரச் செய்வதுதான், உயிரை வாங்கும். கிராங்க் பக்கம் டயல் கேஜைக் (முள் வைத்த அளவுமானி) கட்டி, பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கூடு) துளையைச் சுற்றி அளக்க வேண்டும். முள் மொத்தமாக 0.13 மி.மீ.க்கு மேல் ஆடினால், கியர் பெட்டிக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங் சீக்கிரம் போய்விடும். கிராங்க் முனைக்குப் புது புஷ், அந்த ஷாஃப்ட் பல்லுக்கு ஏற்ற கிளட்ச் பிளேட், பின் ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீளம் மாற்றுவது எல்லாம் தனிச் செலவு.

இன்னொன்று, 1990-களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் போட்ட 1.8 லிட்டர் இசுசு எஞ்சினையும் அதன் கியர் பெட்டியையும் ஜோடியாக இறக்குவது. மையத் தலைவலியே இல்லை. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அலசிப் பார்க்கலாம். ஆனால் எஞ்சின் எண் மாறுகிறதே, ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். பில் இல்லாத எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

தினமும் ஓட்டுபவர் இரண்டாவதற்கே போகலாம். எனக்கு அந்தப் பழைய எஞ்சின் சத்தம் வேண்டும், அதனால் தட்டுதான்.