எம்ஆர்டி மேலே கடைத்தொகுதி: வசதிக்கு ஐந்து, தோசைக்கு இரண்டு

சிங்கப்பூரில் எங்கள் பேட்டை எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு மேலேயே இருக்கும் இந்தக் கடைத்தொகுதிக்கு வாரம் நான்கு நாள் போகிறேன். வசதியில் குறையே சொல்ல முடியாது. மழை கொட்டினாலும் ரயிலிலிருந்து இறங்கி, மின்படியில் ஏறி, பாலும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, பேருந்து சந்திப்பு நிலையம் வரை குடை விரிக்காமலே போய்விடலாம். தோ பாயோ பேட்டையில் 2002லேயே வந்துவிட்ட ஏற்பாடுதான்.

விலைதான் உதைக்கிறது. கீழ்த்தளத்தில் தோசை வாங்கினேன், ஓரம் கருகி நடுவில் மாவு வேகாமல் இருந்தது, சட்னி ஒரே கரண்டி. அந்தக் காசுக்கு எதிர் புளோக் காப்பிக்கடையில் தோசையோடு தே தாரிக் என்ற பால் தேநீரும் வரும். "வாடகை அப்படி தம்பி" என்றார் கடைக்கார அண்ணன்.

சரி, அந்த வாடகையாவது ரயிலுக்குப் போகிறதா? ஹாங்காங்கில் என்றால் ஆமாம் என்று சொல்லலாம். ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் நிலத்தை மேம்படுத்தும் உரிமையை அரசு அங்குள்ள ரயில் நிறுவனமான எம்டிஆருக்குக் கொடுக்கும், அது கட்டுமான நிறுவனங்களோடு சேர்ந்து வீடும் கடையும் கட்டி, வருகிற லாபத்தில் பாதை போடும். இங்கே கதை வேறு. தண்டவாளத்துக்கு அரசே செலவழிக்கிறது, நிலம் விற்ற பணம் நாட்டின் இருப்பு நிதிக்குப் போய்விடும். 2016இல், ரயில் ஓட்டும் நிறுவனமான எஸ்எம்ஆர்டியின் ரயில்களையும் சிக்னல் கருவிகளையும்கூட நிலப் போக்குவரத்து ஆணையம் ஏறக்குறைய 100 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டது.

ஆக, என் கருகிய தோசை எந்த ரயிலையும் ஓட்டவில்லை. பால் வாங்க மட்டும் போவேன்.