உக்கடத்துப் பழைய புத்தகக் கடை: மொழிபெயர்த்தவர் பேரைப் பார்த்து வாங்குங்கள்

கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் இருக்கிற பழைய புத்தகக் கடைகளில் நான் போகிற கடைக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. வாசலில் நீட் கைடு, டிஎன்பிஎஸ்சி கைடு, பிளஸ் டூ வினா வங்கி என்று ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இலக்கியம் தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் அதைப் பார்த்ததும் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். குனிந்து உள்ளே போனால், பின்சுவரை ஒட்டிக் கீழே இருக்கிற இரண்டு தட்டுகள்தான் நமக்கு.

கடைக்கார அண்ணாவிடம் "பழைய நல்ல நாவல் ஏதாச்சும் இருக்குதுங்களா" என்று கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பொன்னியின் செல்வனை எடுத்து நீட்டுவார், அதுவும் மூன்றாம் பாகம் இல்லாத செட். "அது வந்தா எடுத்து வெக்கறேனுங்க அம்மணி" என்பார். வராது. அவருக்கு ராஜேஷ்குமார் தெரியும், ரமணிசந்திரன் தெரியும். கேட்டவுடன் கை அங்கே போகும். மற்றதெல்லாம் "கதை புஸ்தகம்", அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவருக்கு மதிப்புத் தெரிந்திருந்தால் விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

அதனால் தலைப்பைத் தேடுவதை விட்டுவிட்டேன். பழைய மொழிபெயர்ப்பு நாவல்களின் தலைப்பு பெரும்பாலும் நமக்குப் பழக்கமில்லாதது. அட்டை நைந்திருக்கும், முதுகில் எழுத்து அழிந்திருக்கும். நான் செய்வது உள்ளே இரண்டாம் பக்கத்தைத் திருப்பி "தமிழாக்கம்" என்ற வரியைப் பார்ப்பதுதான். த.நா. குமாரஸ்வாமி, சு. கிருஷ்ணமூர்த்தி, ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், சுந்தர ராமசாமி. இந்த ஐந்து பேரில் ஒருவர் இருந்தால் மூல ஆசிரியர் யாரென்று கூடப் பார்க்க வேண்டாம், கையோடு எடுத்துவிடலாம்.

முதலில் சாகித்திய அகாதெமி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள். அகாதெமி புத்தகத்தைச் சத்யஜித் ராய் வரைந்த அந்த முத்திரையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இங்கே எனக்குக் கிடைத்ததில் முதலிடம் தாராசங்கர் பானர்ஜியின் 'ஆரோக்கிய நிகேதனம்'. 1956இல் அகாதெமி பரிசு வாங்கிய வங்க நாவல், தமிழில் த.நா. குமாரஸ்வாமி. நாடி பிடித்தே சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடுகிற கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய். ஊருக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஒருவர் பக்கம் சாயாமல் இருவரையும் தாராசங்கர் நடத்துகிற விதம் இருக்கிறதே, அதற்காகவே படிக்கலாம். சாவைப் பிங்கலகேசினி என்று ஒரு பெண்ணாகவே வைத்துப் பேசுகிற இடங்களைப் படித்துவிட்டு எங்கள் அப்பாவின் மணிக்கட்டை நான் சும்மா ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை, 'என்னடி பண்றே' என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம். மொழி கொஞ்சம் பழசு, வடமொழிச் சொல் அதிகம். முதல் முப்பது பக்கம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதீன் பந்த்யோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' (சு. கிருஷ்ணமூர்த்தி), தகழியின் 'செம்மீன்' (சுந்தர ராமசாமி, 1962) இரண்டையும் இதே தட்டில் பார்த்திருக்கிறேன். செம்மீனைப் படம் பார்த்தாயிற்று என்று ஒதுக்காதீர்கள். படத்தில் கறுத்தம்மாதான் தெரிவாள். நாவலில் அவள் அப்பா செம்பன்குஞ்ஞுவின் காசாசை தனியாக ஒரு கதையாகவே ஓடும்.

அடுத்தது மாஸ்கோ புத்தகங்கள், சோவியத் காலத்தில் அங்கேயே தமிழில் அச்சாகி வந்தவை. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று போட்டிருக்கும். சோவியத் யூனியன் 1991இல் கலைந்ததோடு வரத்து நின்றுபோனது, ஆனால் பைண்டிங் இன்னும் அசையவில்லை. தையல் போட்ட கட்டு, நூல் கூட விடவில்லை. போன வருடம் கடையில் புதிதாக வாங்கிய நாவல் ஒன்று பாதி படிப்பதற்குள் பக்கம் பக்கமாகக் கழன்று வந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. கடைசிப் பக்கத்தில், இந்த நூலின் மொழிபெயர்ப்பும் அமைப்பும் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று கேட்டு மாஸ்கோ ஜூபவ்ஸ்கி புல்வார் விலாசம் கொடுத்திருப்பார்கள். மொழிபெயர்ப்பு எப்படி இருக்கிறது என்று வாசகரைக் கேட்கிற பதிப்பகம் இன்றைக்கு எத்தனை இருக்கிறது?

இதில் ஆரம்பிக்க ஏற்றது தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', ரா. கிருஷ்ணையா தமிழில். 1848இல் எழுதிய குறுநாவல். நான்கு இரவு, ஒரு காலை, பேச்சுத்துணையே இல்லாத ஒருவன், நாஸ்தென்கா என்ற பெண். 'இயற்கை' படம் இதைத் தழுவித்தான் வந்தது. ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அது பிடித்தால் அதே கிருஷ்ணையாவின் 'புத்துயிர்ப்பு', டால்ஸ்டாய் எழுதியது. அது தடிப்புத்தகம், லீவு நாள் வேண்டும். கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் கதைகளில் சோமசுந்தரத்தின் மொழிபெயர்ப்பு எது கண்ணில் பட்டாலும் விடாதீர்கள். 'குல்சாரி'யில் வருகிற கிழட்டுக் குதிரைக்காக நான் அழுதிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கவிதை விஷயத்தில் கடை சுமார்தான். கல்யாணத்துக்கு யாரோ பரிசு கொடுத்த பாரதியார் கவிதைகள், 'மணமக்களுக்கு அன்புடன்' என்று கையெழுத்தோடு, எப்போதும் நாலைந்து கிடக்கும். வானம்பாடி என்ற புதுக்கவிதை இதழ் 1971இல் தொடங்கிய ஊரில் வானம்பாடிக் கவிஞர்களுக்குத் தனித் தட்டே இருக்க வேண்டாமா? மு. மேத்தாவின் 'கண்ணீர்ப் பூக்கள்', அப்துல் ரகுமானின் 'பால்வீதி' இரண்டும் 1974இல் வந்தவை, கல்லூரி கைடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். என்னிடம் இருக்கிற மேத்தாவில் ஒரு கவிதைக்குப் பக்கத்தில் பென்சிலால் '5 மார்க்' என்று எழுதியிருக்கிறது. நல்ல கவிதைதான், ஐந்துக்கு மேலேயே போடலாம். இந்தக் கவிதைகளில் மேடைக் குரல் தூக்கல். வாய்விட்டுப் படித்தால் எடுபடும், தனியாக உட்கார்ந்து படித்தால் சில இடங்கள் சலிக்கும். எனக்கு இதைவிடச் சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி' நெருக்கம். ஆத்துப் பொள்ளாச்சி மனிதர்கள் பேர் சொல்லி நடமாடுகிற தொகுப்பு. ந. பிச்சமூர்த்தி, 'எழுத்து' பத்திரிகைக் காலத்துப் புதுக்கவிதை எல்லாம் இங்கே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதற்கு நூலகம்தான் கதி.

இங்கே வாங்கக் கூடாதது ஒன்று உண்டு: புதுமைப்பித்தன். 2002இல் நாட்டுடைமை ஆன பிறகு ஆளாளுக்கு அச்சடித்ததில் வரி விட்டுப்போன மலிவுப் பதிப்புகள்தான் இந்தத் தட்டுக்கு வருகின்றன. அதற்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பைப் புதிதாகவே வாங்குங்கள். கதை எந்தப் பத்திரிகையில் எப்போது வந்தது என்கிற விவரமும் அதில் இருக்கிறது.

விலைக்குக் கணக்கே கிடையாது. அட்டை பளபளப்பாக இருந்தால் கூடும், பக்கம் பழுப்பாக இருந்தால் குறையும். அதனால் ஆரோக்கிய நிகேதனம் எண்பது ரூபாய்க்கு வந்தது, சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்றுக்கு இருநூறு சொன்னார். மாஸ்கோ புத்தகத்துக்கு மட்டும் யாரோ காதில் போட்டுவிட்டார்கள் போல, இப்போது நூற்றைம்பதுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார். நாலைந்தாகச் சேர்த்து எடுத்தால் இறங்குவார். பில் கிடையாது, ஜிபே உண்டு. வாங்குவதற்கு முன் பக்க எண்களை ஒரு தரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் பதினாறு பக்கம் காணாமல் போயிருப்பது இங்கே சகஜம், திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரங்களில் போக வேண்டாம், நிற்கவே இடம் இருக்காது. செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்குப் போனால் அண்ணா டீ குடிக்கக் கிளம்பிவிடுவார், "பாத்துக்கங்க அம்மணி" என்று கல்லாவை நம்மிடமே விட்டுவிட்டு. தூசி அலர்ஜி உள்ளவர்கள் மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் வெளிச்சம் இல்லை, போன் டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.