ஸ்கோபஸ் ஜர்னல் பெயரில் போலித் தளம்: பிஎச்.டி. மாணவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

தீசிஸ் சமர்ப்பிக்கும் நெருக்கடியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆய்வு ஜர்னல்களைப் பட்டியலிடும் சர்வதேசத் தரவுத்தளமான ஸ்கோபஸில் உள்ள ஓர் உண்மையான ஜர்னலின் பெயர், ஐஎஸ்எஸ்என் என்ற அதன் அடையாள எண், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டிருந்த ஒரு போலித் தளம் என்னிடமிருந்து 18,000 ரூபாயையும் ஒரு கட்டுரையையும் பறித்துக்கொண்டது. பணம்கூடப் போகட்டும், கட்டுரை போனதைத்தான் தாங்க முடியவில்லை.

கடன் செயலிகளில் சிக்கிய பெண்களைப் பற்றிய கட்டுரை அது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காகத் தங்கள் படங்கள் மார்பிங் செய்யப்பட்டு உறவினர் போன்களுக்கெல்லாம் போனதை, பெயர் வெளியே வராது என்று நான் கொடுத்த வாக்கை நம்பிச் சொன்னவர்கள் அவர்கள். நேரில் செய்யத் துணியாததை இணையத்துக்குள் வந்ததும் மனிதர்கள் ஏன் செய்கிறார்கள் என்று விளக்க, குற்றவியல் ஆய்வாளர் கே. ஜெய்சங்கர் 2008-இல் 'ஸ்பேஸ் டிரான்சிஷன்' கோட்பாட்டை முன்வைத்தார். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது சைபர் குற்றவியலுக்கென்றே 2007-இல் ஒரு ஜர்னலைத் தொடங்கியவர். கடன் செயலி ஏஜென்டுகள் விஷயத்தில் அந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதுதான் என் கேள்வி.

கட்டுரையை அனுப்பிய அதே வாரத்தில் ஏற்புக் கடிதம் வந்துவிட்டது. லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. மதிப்பீட்டாளர் கருத்து என்று இரண்டே வரி: கட்டுரை நன்று, ஆங்கிலத்தைச் சரிசெய்யவும். நேர்காணல்களை எப்படி நடத்தினேன் என்று ஒரு கேள்விகூட இல்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒருவர் விடாமல் பேசினார்: "மேம், இன்னைக்கே கட்டிட்டா இந்த இஷ்யூவுலயே வந்துடும்." பணம் போனது ஜர்னல் பெயரில் இருந்த கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்கு.

கட்டுரை அந்தத் தளத்தில் வந்தது, ஆனால் ஸ்கோபஸில் வரவே இல்லை. அச்சிட்டிருந்த டிஓஐ எண்ணை (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாளம்) சொடுக்கினால் எதுவும் திறக்கவில்லை. ஆசிரியர் குழுவில் இருந்த ஒரு பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதினேன். அந்தத் தளத்துக்கும் தனக்கும் தொடர்பே இல்லை என்று பதில் வந்தது. கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், அதற்கும் தனிக் கட்டணமாம். இப்போது வேறு ஜர்னலுக்கு அனுப்பினால் ஏற்கெனவே வெளியானது என்று திருப்புகிறார்கள்.

ஸ்கோபஸ் பட்டியலில் ஜர்னல் பெயர் இருந்தால் போதும் என்று நம்பாதீர்கள். பெயர் நிஜம்தான், தளம்தான் பொய். பழைய ஜர்னல் ஒன்று தன் இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால் அதை வாங்கிக்கொள்கிறார்கள், இல்லையென்றால் அதே சாயலில் இன்னொரு முகவரி பதிகிறார்கள். ஸ்கோபஸில் அந்த ஜர்னலின் கடைசி இதழில் உள்ள கட்டுரைகளும் தளத்தில் உள்ளவையும் ஒன்றுதானா என்று தலைப்பு தலைப்பாக ஒப்பிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளத்தில் ஆய்வாளர் அன்னா அபல்கினா 2022 முதல் தொகுத்துவரும் கடத்தப்பட்ட ஜர்னல்களின் (இப்படிப் போலித் தளம் போடப்பட்டவை) பட்டியல் இலவசம், அதையும் தேடிப் பாருங்கள். மெயிலில் பெருமையாகப் போட்டிருக்கும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' (ஜர்னலின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்) அதை அதிகாரபூர்வமாகக் கணக்கிடும் கிளாரிவேட் நிறுவனம் வெளியிட்டதா என்று கேளுங்கள். கண்ட பெயரில் எண் கொடுக்கும் கடைகள் நிறைய இருக்கின்றன.

இதில் பல்கலைக்கழகங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியீடு கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 நவம்பரிலேயே விதியை மாற்றிவிட்டது. ஆனாலும் பல இடங்களில் ஸ்கோபஸ் கட்டுரை இல்லாமல் சினாப்சிஸை (தீசிஸின் சுருக்கம்) கூட வாங்குவதில்லை. 2025 பிப்ரவரியில் யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி-கேரையும் நிறுத்திவிட்டார்கள். எது நல்ல ஜர்னல் என்று சரிபார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனம் ஏற்க வேண்டும் என்றார்கள், நடைமுறையில் அது மாணவர் தலையில்தான் விழுகிறது. ஓர் ஆய்வின் தாக்கத்தை மேற்கோள் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும்வரை இந்தக் கும்பலுக்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தக் கணக்கில் பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. சைபர்கிரைம் போர்ட்டலில் புகார் பதியும்போது வாட்ஸ்அப் உரையாடல், ஏற்புக் கடிதம், யுபிஐ ரசீது மூன்றையும் சேருங்கள். உண்மையான ஜர்னலின் ஆசிரியருக்கும் தகவல் கொடுங்கள், அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே. நான் எல்லாம் செய்துவிட்டேன். புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது, கட்டுரை இன்னும் அந்தத் தளத்தில் இருக்கிறது. அதே ஆட்களிடம் சிக்கிய வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.