கிரீன் டீ, தே ஓ, பாட்டில், மாட்சா, கேப்சூல்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பினாங்குல இப்ப யாராச்சும் "நான் கிரீன் டீக்கு மாறிட்டேன்"னு சொன்னா, கையில என்ன வச்சிருக்காங்கன்னு பார்த்தாதான் விஷயம் தெரியும். மினி மார்க்கெட் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த ஜில்லுனு பாட்டிலா இருக்கலாம், கர்னி பக்கம் கஃபேல வாங்கின மாட்சா லாத்தேவா இருக்கலாம், ஆன்லைன்ல ஆர்டர் போட்ட ஒல்லியாகற கேப்சூலா இருக்கலாம், இலையைப் போட்டு சுடுதண்ணி ஊத்திக் குடிக்கறவங்க இந்தக் கூட்டத்துல ரொம்ப கம்மி. எல்லாத்து டப்பாவுலயும் பச்சை இலை படம்தான், ஆனா உடம்புக்குள்ள போனதும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேலை பண்ணுது. 2019ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி இருந்துச்சு, அதுலயும் இந்தியர்களை மட்டும் பார்த்தா 31.4 சதவீதம், நம்ம ஆளுங்க மூணு பேர் உக்காந்தா கிட்டத்தட்ட ஒருத்தருக்கு இருந்துச்சுன்னு கணக்கு. அதனாலதான் இதையெல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கணும்னு தோணுச்சு, பால் ஊத்தாத நம்ம தே ஓவையும், கண்டென்ஸ்ட் மில்க் ஊத்தி ஆத்தற தே தாரேக்கையும் சேர்த்துதான், ஏன்னா நிஜமான போட்டி அதுங்களோடதான்.

முதல்ல இலையை எடுத்துக்குவோம். கிரீன் டீக்கும் கறுப்பு தேத்தண்ணிக்கும் செடி ஒண்ணுதான். பறிச்ச இலையை சீக்கிரமே ஜப்பான் சென்சா மாதிரி ஆவி காட்டியோ, சீனாவோட லோங்ஜிங் மாதிரி சட்டியில வறுத்தோ எடுத்துட்டா உள்ள இருக்கற என்சைம் வேலை நின்னுடும், பச்சை அப்படியே தங்கிடும். அதே இலையை வாடவிட்டு நசுக்கி காத்துல கறுக்க விட்டா அது நாம கேமரன் மலைலேருந்து வாங்கற தேத்தூள். பச்சை இலையில கேட்டச்சின்னு சொல்ற பொருள் நிறைய, அதுல பெரிய ஆளு இஜிசிஜி. கறுத்த இலையில அந்த கேட்டச்சின்ல பெரும்பகுதி தியாஃபிளவின் மாதிரி வேற பொருளா மாறிடுது, மாறுதே தவிர வீணாப் போகல. கேமரன்ல 1929ல ஆரம்பிச்ச தோட்டம் இன்னிக்கும் ஓடுது, நம்ம பாட்டன் பாட்டிங்க கொழுந்து கிள்ளி வளர்த்த மலை அது, அந்த இலையைக் குறைச்சலா நினைக்க ஒரு காரணமும் இல்ல.

சரி, நன்மைன்னு சொல்றாங்களே, எவ்வளவு நிஜம்? ஜப்பான்ல மியாகி மாநிலத்துல 40,530 பேரை 11 வருஷம் வரைக்கும் கவனிச்சு 2006ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. நாளைக்கு அஞ்சு கப்பும் அதுக்கு மேலயும் கிரீன் டீ குடிச்சவங்க, ஒரு கப்புக்கும் கம்மியா குடிச்சவங்களைவிட இருதயம், ரத்தக்குழாய் சம்பந்தமான நோய்ல இறந்தது குறைவு, பெண்கள்கிட்ட இது இன்னும் தெளிவா தெரிஞ்சுது, ஆனா புற்றுநோய் சாவுல அந்த மாதிரி வித்தியாசம் ஒண்ணும் வரல. இது ஆளுங்களோட பழக்கத்தைப் பார்த்து எழுதின ஆய்வு, டீதான் காப்பாத்துச்சுன்னு நிரூபிக்கற ஆய்வு இல்ல, இதை மனசுல வச்சுக்கணும். கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சமா இறங்குதுன்னு சோதனைங்க காட்டுது, ரொம்ப கொஞ்சம், மாத்திரைக்கு பதிலா நிக்கற அளவுக்கு இல்ல. உடம்பு இளைக்கற கதைக்கு 2012ல காக்ரேன்ங்கற அமைப்பு இருக்கற சோதனையெல்லாம் சேர்த்து அலசினப்ப, இளைச்ச அளவு ஒரு டாக்டர் கண்ணுல பெருசா தெரியற அளவே இல்லன்னு சொல்லிட்டாங்க. வயித்துக் கொழுப்பு கரையும்னு யாராச்சும் வித்தா அங்கேயே கடையைத் தாண்டிப் போயிடுங்க.

இப்ப அதுக்குப் பக்கத்துல தே ஓவை வைங்க. பிரிட்டன்ல கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பேரை வச்சு 2022ல வந்த ஆய்வு, அங்க பெரும்பாலும் கறுப்பு டீதான், நாளைக்கு ரெண்டு கப்பும் அதுக்கு மேலயும் குடிக்கறவங்களுக்கு இறப்பு ஆபத்து 9லேருந்து 13 சதவீதம் கம்மியா இருந்துச்சு, பால் ஊத்தினாலும் ஊத்தாட்டாலும் அப்படித்தான். அதனால என் தீர்ப்பு, சீனி போடாத பச்சையும் சீனி போடாத கறுப்பும் அண்ணன் தம்பிதான். கேட்டச்சின் அதிகம், கஃபீன் கம்மிங்கறதுல பச்சை ஒரு அடி முன்னால நிக்குது, ஒரு கப்புல பச்சையில சுமார் 20லேருந்து 45 மில்லிகிராம் கஃபீன், கறுப்புல 40லேருந்து 70. பச்சையோட வாசம் பிடிக்காம மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிக்கறவங்க இருக்காங்களே, அவங்க கஷ்டப்பட வேண்டாம், மாமாக் கடையில "தே ஓ கோசோங்", அதாவது சீனி இல்லாத தே ஓன்னு சொல்லுங்க, அது போதும்.

தோத்துப் போறது தே தாரேக்தான், அதுவும் இலையால இல்ல. கண்டென்ஸ்ட் மில்க்ல பாதிக்கு மேல சீனி, இப்ப பல கடையில ஊத்தறது பாமாயில் கலந்த ஸ்வீட் கிரீமர், ஒரு கிளாஸ்ல ரெண்டு பெரிய கரண்டி விழுந்தாலே 20 கிராம் சீனி கிட்ட வந்துடும். பசியாறும்போது ஒண்ணு, பத்து மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் ரொட்டி சானாயோட ஒண்ணுன்னு போனா டீயோட நல்லது எந்த மூலைக்கு? முழுசா விடச் சொல்லல, "கூராங் மானிஸ்", இனிப்பு கம்மியான்னு சொல்லிப் பழகி, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு குறைக்கறதுதான் நடக்கற காரியம்.

பாட்டில் கிரீன் டீ மேலதான் எனக்கு நிஜமான கோபம். நல்லதுன்னு நம்பி எங்க ஆண்ட்டிங்க அதை பேரப்பிள்ளைங்களுக்கு வாங்கிக் கொடுக்கறாங்க. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா வரின்னு 2019 ஜூலைல அரசாங்கம் கொண்டு வந்துச்சு, நல்ல விஷயம், ஆனா 4.9 கிராம்னு போட்டிருக்கற அரை லிட்டர் பாட்டிலைக் கணக்குப் போட்டுப் பாருங்க, 24 கிராமுக்கு மேல, ஆறு டீஸ்பூன். நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிறுத்தினா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு மொத்தமும் ஒரே பாட்டில்ல முடிஞ்சுது. பேக்டரியில தயாராகி அலமாரியில நாள் கணக்கா நிக்கறதுல கேட்டச்சினும் கரைஞ்சுக்கிட்டே போகும். சீனியே இல்லாத ஜப்பான் ஸ்டைல் பாட்டிலும் இதே ஃப்ரிட்ஜ்ல இருக்கு, பின்பக்கம் திருப்பி சீனி 0ன்னு பார்த்துட்டு எடுத்தா வெளிய போற அவசரத்துக்கு அது பரவாயில்ல.

மாட்சா வேற ரகம். பறிக்கறதுக்கு முன்னாடி மூணு வாரம் போல செடிக்கு நிழல் போட்டு, இலையை ஆவி காட்டி, நரம்பு எடுத்து, மாவா அரைச்சது, அதனால நாம குடிக்கறது முழு இலை. நிழல்ல வளர்றதால தியானின்ங்கற அமினோ அமிலம் அதிகம், அந்த மெத்துனு ருசி அதுலேருந்து வருது. ஆனா முழு இலைங்கறதால கஃபீனும் கூடும், ரெண்டு கிராம் போட்ட கிண்ணத்துல 40லேருந்து 80 மில்லிகிராம் வரைக்கும் போகலாம், "கிரீன் டீதானே"ன்னு ராத்திரி குடிச்சுட்டு தூக்கம் வரலன்னு புரள வேண்டாம். தண்ணியில அடிச்சுக் குடிச்சா இலை டீக்கு சமமா வைப்பேன், விலையை மட்டும் யோசிக்கணும். கஃபே லாத்தேல சிரப் ஊத்தினா அது தே தாரேக்கோட சொந்தக்காரன்தான். ஒரு தடவை "சிரப் வேண்டாம்"னு சொல்லி வாங்கிக் குடிச்சுப் பாருங்க, கசப்பு பிடிக்கலன்னா உங்களுக்குப் பிடிச்சிருந்தது சீனின்னு அர்த்தம்.

ஆக இலைதான் என் முதல் தேர்வு, ஆனா நம்ம வீடுகள்ல அதைப் போடற விதத்துலதான் பாதி பேர் வெறுத்துடறாங்க. தேத்தண்ணிக்குக் கொதிக்கற தண்ணிதான்னு பழகிட்டோம், அதையே பச்சை இலை மேல ஊத்தி பத்து நிமிஷம் விட்டா நாக்கை இழுக்கற கசப்பு. தண்ணி கொதிச்சு அடங்கட்டும், 75, 80 டிகிரி போதும், தெர்மாமீட்டர் வேண்டாம், கொதிச்ச தண்ணியை ஒரு ஜக்குல ஊத்தி அப்புறம் கப்புக்கு மாத்தினாலே சூடு அந்தப் பக்கம் வந்துடும். ஒரு டீஸ்பூன் இலை, சாதாரண கப்பு தண்ணி, ஒன்றரை நிமிஷத்துலேருந்து ரெண்டு நிமிஷம், வடிச்சிடுங்க, அதே இலைக்கு இன்னொரு தடவை தண்ணி ஊத்தலாம், எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும். லீமாவ் கஸ்தூரிங்கற குட்டி எலுமிச்சையை ஒரு சொட்டு பிழிஞ்சா ருசியும் தூக்கும், புளிப்புல கேட்டச்சின் சீக்கிரம் சிதையாம இருக்கும்னு சோதனைக்கூடத்துல பார்த்திருக்காங்க. எந்த டீயா இருந்தாலும் வாய் பொத்துப் போற சூட்டுல குடிக்காதீங்க, 65 டிகிரிக்கு மேல சூடான பானம் உணவுக்குழாய் புற்றுநோய்க்குக் காரணமாகலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ல சொல்லியிருக்கு, அது தே ஓவுக்கும் சேர்த்துதான். பினாங்கு வெயிலுக்கு இன்னொரு வழி, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியில ரெண்டு கரண்டி இலையைப் போட்டு ஃப்ரிட்ஜ்ல ராத்திரி வச்சுட்டா காலையில கசப்பே இல்லாத டீ ரெடி, கஃபீனும் கம்மியா இறங்கும், பாட்டில் வாங்கற பிள்ளைங்களுக்கு அதுக்கு பதிலா இதைக் கொடுத்துப் பாருங்க.

நேரம் முக்கியம். டீயில இருக்கற கேட்டச்சின் மாதிரி பாலிஃபீனால் பொருளுங்க சாப்பாட்டு இரும்புச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கும், அதுலயும் கீரை, பருப்புலேருந்து வர்ற இரும்பை. புரட்டாசி முழுக்க சைவம் இருக்கறவங்க, ரத்தம் கம்மின்னு கிளினிக்ல சொன்ன பொண்ணுங்க, சோத்தோட டீ குடிக்காம ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க, இரும்பு மாத்திரையையும் டீயோட முழுங்காதீங்க. மாசமா இருக்கறவங்களுக்கு கஃபீன் நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள்ள, அதுல கோப்பியும் கணக்கு, மத்த ஆரோக்கியமான பெரியவங்களுக்கு 400 வரைக்கும். வெறும் வயித்துல குமட்டுதுன்னா ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு குடிங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கறவங்க திடீர்னு நிறைய கிரீன் டீயோ மாட்சாவோ ஆரம்பிக்கக்கூடாது, இலையில வைட்டமின் கே இருக்கு, முழு இலையான மாட்சால அது அப்படியே உள்ள போகும், ரத்தம் உறையற கணக்கு மாறிடும். நாடலால்ங்கற பிரஷர் மாத்திரையை உடம்பு எடுத்துக்கறதையே கிரீன் டீ பலமா குறைக்குதுன்னு தெரிஞ்சிருக்கு. தினம் மாத்திரை எடுக்கற எந்த அப்பா அம்மாவுக்கும், மாத்திரை பேரைக் காட்டி ஃபார்மசிஸ்ட்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிச்சுக் கொடுங்க.

கிரீன் டீ சாறை அடைச்சு விக்கற கேப்சூலுக்கு இந்தப் பந்தயத்துல நான் இடமே தரமாட்டேன். இலை டீ குடிக்கறவங்களுக்கு நாளைக்கு பொதுவா 90லேருந்து 300 மில்லிகிராம் இஜிசிஜி கிடைக்குது, கேப்சூல்ல சிலது அதைப் பல மடங்கு ஒரே முழுங்குல இறக்குது. 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் எடுத்தவங்களுக்கு கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018ல சொல்லி, 2022ல அங்க அதுக்குக் கீழதான் இருக்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க. ஒல்லியாகணும்னு பட்டினி கிடந்து வெறும் வயித்துல முழுங்கினா இன்னும் அதிகமா ரத்தத்துல ஏறும், அதைத்தான் நிறைய பேர் பண்றாங்க. சிபுட்ராமின்னு ஒரு மருந்து, இருதயத்துக்கு ஆபத்துன்னு 2010ல அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் எடுத்துட்டாங்க, அது நம்ம நாட்டுல "இயற்கை"ன்னு விக்கற ஒல்லி மருந்துகள்ல கலந்து பிடிபட்டுக்கிட்டே இருக்கு. பெட்டியில MALனு (மால்) ஆரம்பிக்கற பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இல்லன்னா தொடவே வேண்டாம், இருந்தாலும் அது பதிவு ஆனதுக்குத்தான் அத்தாட்சி, இளைக்க வைக்கும்னு சொல்றதுக்கு இல்ல. ஏற்கனவே எடுக்கறவங்களுக்கு மூத்திரம் கறுத்தா, கண்ணு மஞ்சளானா, உடம்பு அரிச்சா, அன்னிக்கே நிறுத்திட்டு பெட்டியையும் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போயிடுங்க.

இலை வாங்கறதுன்னா ஜார்ஜ் டவுன்ல சீனத் தேயிலைக் கடைங்க இருக்கு, தவுக்கே, அதாவது கடை முதலாளி, மோந்து பார்க்க விடுவாரு, பச்சைப் புல்லு மாதிரி வாசம் வரணும், பழைய அட்டை வாசம் வந்தா வேண்டாம். நம்ம ஊர் ஈரத்துல திறந்த பாக்கெட் சீக்கிரம் கெடும், அதனால 50 கிராம், 100 கிராம்னு வாங்கி காத்து போகாத டின்ல போட்டு அடுப்புக்கு எட்டத்துல வைங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா வெளிய எடுத்ததும் உடனே திறக்காதீங்க, டின் அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லன்னா உள்ள தண்ணி கோத்துக்கும்.